கேம்பர் வேனில் ஃபிரிஜ் ராத்திரி நிற்கிறது, பம்ப் தானாக ஓடுகிறது: எங்கிருந்து கற்றுக்கொள்வது?

ஈசூன்காரி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய டொயோட்டா ஹையேஸ் வேன் ஒன்று மலேசியாவில், ஜொகூரின் ஸ்கூடாயில் அப்பா வீட்டுப் போர்ச்சில் நிற்கிறது. பின்னால் கட்டில், தண்ணீர்த் தொட்டி, சின்ன சிங்க், கேஸ் அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிஜ், கூரையில் காற்றாடி எல்லாம் உண்டு. அண்ணனுக்குச் சரவாக்கில் வேலை கிடைத்ததும் சாவி என்னிடம் வந்துவிட்டது. மலேசிய எண் வண்டி. நிரந்தரவாசியாக இங்கே சிங்கப்பூரில் இருக்கும் நான் அதைப் பாலம் தாண்டி ஓட்டிவரச் சட்டம் இடம் தராது. அதனால் பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு 950 பேருந்தில் ஏறி அங்கே போய், வண்டியை எடுத்துக்கொண்டு தெசாரு, மெர்சிங் பக்கம் சுற்றிவிட்டு வருகிறோம். வீட்டுக்காரர் நன்றாக ஓட்டுவார். அதோடு சரி. பானெட்டை எப்படித் திறப்பது என்று கேட்டால் மகனைப் பார்ப்பார்.

இப்போது தொல்லைகளுக்கு வருகிறேன். ஃபிரிஜ் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு நின்றுவிடுகிறது. காலையில் என்ஜினைப் போட்டதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுகிறது. போன தடவை மசாலா தடவி வைத்த கோழி முழுவதையும் கொட்டினேன். தண்ணீர் பம்ப், யாரும் குழாயைத் திறக்காதபோதே நடுச்சாமத்தில் டுர்ர் என்று ஓடி நிற்கும். மழை பெய்தால் கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஈரமாகிறது.

ஜொகூரில் ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்று என்றார்கள். இன்னொன்றில் ஃபிரிஜே போய்விட்டது, புதிதாக வாங்கு என்றார்கள். இரண்டு இடத்திலும் யாரும் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். ஸ்க்ரூ டிரைவர் தாண்டி எதுவும் பிடித்ததில்லை. யூடியூபில் தேடினால் பாதிக் காணொளிகள் பனிக்காலத்தில் குழாயில் தண்ணீர் உறையாமல் காப்பது எப்படி என்றுதான். ஸ்கூடாயில் தேங்காய் எண்ணெய்கூட உறையாது. எதை முதலில் கற்பது, எதைத் தொடவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வயர்மேன்:

தங்கச்சி, மீட்டர் எடுக்காதவர் பேச்சை நம்பாமல் வந்தீர்களே, பாதிப் பாடம் அங்கேயே முடிந்தது. நான் கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலானாலும் வேனானாலும் 12 வோல்ட் ஒரே குணம்தான்.

என்ஜினைப் போட்டால் ஃபிரிஜ் ஓடுகிறது என்றீர்கள் பாருங்கள், அதுதான் துப்பு. என்ஜின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் சுமார் 14 வோல்ட் கொடுக்கும். வழியில் ஒரு வோல்ட் தொலைந்தாலும் ஃபிரிஜுக்கு 13 போய்ச் சேரும், அது சந்தோஷமாக ஓடும். ராத்திரி பேட்டரி மட்டும் இருக்கும்போது 12.3தான் இருக்கும். அதில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் ஃபிரிஜுக்குக் கிடைப்பது 11.3. பேட்டரி காலியாகிறது என்று நினைத்து ஃபிரிஜ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியிலும் பழுதில்லை, ஃபிரிஜிலும் பழுதில்லை, நடுவில் இருக்கும் வயரில்தான் கோளாறு என்ற நிலைமை இப்படித்தான் வருகிறது. உங்களுடையது அதுதான் என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல மாட்டேன். அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போங்கள், சிம் லிம் ஸ்குவேர் இல்லை. அங்கே சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டாம். டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஆம்பியர் துளையில் வைத்துவிட்டுப் பேட்டரியைத் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள், தாலிச் செயினை ரவிக்கைக்குள் தள்ளிவிடுங்கள். 12 வோல்ட் ஆளுக்கு ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே தங்கம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

முதல் அளவு: வண்டியை ஓட்டாமல், சார்ஜ் போடாமல், எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டபின் பேட்டரி முனையில் பாருங்கள். ஈயப் பேட்டரி என்றால் 12.6க்கு மேல் நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி, 12.0 வந்தால் அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். ஃபிரிஜ் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் ஒரு தடவை, ஃபிரிஜ் பிளக்கில் ஒரு தடவை அளங்கள். வித்தியாசம் 0.3க்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை ஃபிரிஜ் பக்கத்துப் பிளஸ்ஸிலும் வையுங்கள். பிறகு மைனஸுக்கு மைனஸ். எந்தப் பக்கம் தொலைகிறது என்று மீட்டரே காட்டிக்கொடுக்கும். இணைப்பு வயர் கொஞ்சம் நீளமாக வேண்டும், அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஃபிரிஜ் நிற்கும்போது அளந்து பிரயோசனமில்லை. கரண்ட் ஓடாவிட்டால் வோல்ட் தொலையாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும். பட்டறைக்காரர்கள் பலரும் கோட்டை விடும் இடம் இது.

கணக்குக்காரர் என்பதால் ஒரு கணக்கு. ஃபிரிஜ் ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். பேட்டரியிலிருந்து 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.2கூடப் போகாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதுவும் ஒரு திருடன்.

தொடக் கூடாதது: வீட்டு மின்சாரம் வேனுக்குள் வரும் 230 வோல்ட் பக்கம். அதற்கு உரிமம் உள்ள மின்பணியாளர்தான். இன்னொன்று, ஃபியூஸ் எரிந்தால் அதே அளவு ஃபியூஸையே போடுங்கள். 15 எரிகிறது என்று 30 போட்டால் அடுத்தது வயர் எரியும்.

உட்லண்ட்ஸ் பையன்:

அக்கா, இவ்வளவு எதற்கு? பேசாமல் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போட்டுவிடுங்கள். நான் போட்டேன், நிம்மதி.

பழைய வயர்மேன்:

தம்பி, லித்தியம் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் வயரில் தொலையும் ஒரு வோல்ட் அப்போதும் தொலையும். லித்தியம் 13 சொச்சத்தில் நிற்பதால் கோளாறு வெளியே தெரியாது, அவ்வளவே. சூடாகும் இணைப்பு சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அதோடு ஆல்டர்நேட்டரிலிருந்து நேரே சார்ஜ் செய்தால் லித்தியம் அளவுக்கு மீறி இழுக்கும், நடுவில் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. முதலில் வழியைச் சரிசெய்யட்டும், அப்புறம் பேட்டரி வாங்கலாம்.

மெர்சிங் ரோடு:

ஈசூன்காரி, நான் பம்ப்பும் கூரையும் பற்றிச் சொல்கிறேன், மின்சாரம் அண்ணன் சொல்லிவிட்டார்.

பம்ப் அழுத்தம் குறைந்தால்தான் ஓடும். குழாய் மூடியிருக்க ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கேயோ கசிகிறது. படுக்கப் போகும் முன் சிங்குக்கு அடியில் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துவிட்டு டிஷ்யூ தாளைச் சுற்றி வையுங்கள். காலையில் எந்தத் தாள் ஈரம் என்று பாருங்கள். பெரும்பாலும் கிளிப்பை இறுக்கினால் முடிந்துவிடும். எல்லாத் தாளும் காய்ந்திருந்தால் தண்ணீர் பம்ப்பின் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது. உள்ளே தூசி மாட்டியிருக்கும். பம்ப்புக்கு முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். எப்படியானாலும் ராத்திரி பம்ப் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் நல்லது. குழாய் பிடுங்கிக்கொண்டால் தொட்டி முழுவதும் கட்டிலுக்கு அடியில் வந்துவிடும்.

கூரை: ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் உள்தகட்டின் விலா வழியாக ஓடி எங்கேயோ போய்ச் சொட்டும். உங்களுக்குக் காற்றாடிச் சட்டம்தான் முதல் சந்தேகம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும். வெளியே ஹோஸை மெதுவாக விட்டு, தாழ்ந்த இடத்திலிருந்து மேலே, ஒவ்வோர் இடமாக நனைத்துப் பாருங்கள். வாட்டர் ஜெட் வேண்டாம், அது இல்லாத ஓட்டையையும் உண்டாக்கும். இடம் தெரிந்தபின் பழைய சிலிகான் மேல் புதுச் சிலிகான் பூசாதீர்கள், ஒட்டவே ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சட்டத்துக்கு அடியில் பியூட்டில் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து இறுக்கி, ஓரத்தில் சீலண்ட் இடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அதாவது நவம்பர் வருமுன் முடித்துவிடுங்கள். கிழக்குக் கரையில் அந்த மாதங்களில் காய வைக்க வெயில் கிடைக்காது.

கேஸ் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் விடமாட்டேன். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்கும் அலமாரிக்குத் தரையில் வெளியே போகும் துளை இருக்கிறதா? பலர் பூச்சி வருகிறது என்று அடைத்துவிடுகிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ரெகுலேட்டரிலும் ஹோஸ் இரு முனையிலும் தடவுங்கள். குமிழி வந்தால் தோம்பை மூடிவிட்டுக் கடைக்காரரை அழையுங்கள். கேஸ் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, அது படுத்திருக்கும்போது மூச்சு விடும் உயரத்தில். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒன்றை மட்டும் வாங்கிவிட வேண்டாம்.

ஈசூன்காரி:

எல்லாருக்கும் நன்றி. போன வாரக் கடைசியில் மீட்டரோடு போய்விட்டு வந்தேன். சுங்கத்தில் ஸ்கேன் செய்தவர் இரண்டு தடவை பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்னபடியே ஃபிரிஜ் ஓடும்போது அளந்தோம். பேட்டரியில் 12.4, ஃபிரிஜ் பிளக்கில் 11.1. மகன்தான் எழுதிக்கொண்டான். பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் 0.3. மைனஸுக்கு மைனஸ் 1.0. மைனஸ் வயர் கட்டிலுக்கு அடியில் வண்டியின் உடம்பில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. கழற்றினால், பெயிண்டின் மேலேயே வயர் முனை வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள்! வளையத்தைச் சுற்றிப் பச்சையாகப் பொடி, அடியில் துரு. பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு, எமரித் தாளால் தகடு பளபளவென்று தெரியும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தால் மைனஸ் பக்கம் 0.1. அன்று ராத்திரி ஃபிரிஜ் விடியும்வரை ஓடியது. அப்பா இரண்டு தரம் எழுந்து வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்.

புது ஃபிரிஜுக்கு அந்தப் பட்டறை கேட்ட பணத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

பம்ப்பில் தாள் எதுவும் நனையவில்லை. வடிகட்டியில் நீல பிளாஸ்டிக் துருவல், தொட்டியில் துளை போட்டபோது விழுந்ததாக இருக்கும். கழுவியபின் ஒரு ராத்திரி சத்தமில்லை, இன்னும் சில ராத்திரி பார்க்க வேண்டும். கேஸ் அலமாரித் துளை அடைத்துத்தான் இருந்தது, பழைய டி-ஷர்ட் துணி வைத்து! எடுத்துவிட்டுக் கம்பி வலை வைத்தேன். கூரையை அடுத்த தடவை பார்க்க வேண்டும், ஏணி இல்லை.

இரண்டு கேள்வி மிச்சம். வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கிறதே, பேட்டரியை என்ன செய்வது? டயரில் பட்டன் எல்லாம் ஆழமாகத்தான் இருக்கிறது, பக்கத்தில் 1816 என்று எழுதியிருக்கிறது, அது என்ன?

பழைய வயர்மேன்:

மைனஸ் பக்கம் முடிந்தது, இனி பிளஸ் 0.3ஐப் பாருங்கள், அவசரமில்லை. சும்மா நிற்கும்போது ஈயப் பேட்டரி மெல்ல இறங்கிக் கெட்டுப்போகும். போர்ச்சில் பிளக் இருக்கிறதே, நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுங்கள். சும்மா என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி வைப்பதில் பேட்டரி நிறையாது, பெட்ரோல்தான் போகும்.

மெர்சிங் ரோடு:

1816 என்றால் 2016ஆம் ஆண்டின் 18ஆம் வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இல்லாவிட்டாலும் நான் மாற்றிவிடுவேன், இத்தனை கனத்தோடு கோத்தா திங்கி ரோட்டில் போகிற வண்டி. ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அது பெரும்பாலும் இதைவிடப் பழசாக இருக்கும். ஏணி என்னிடம் இருக்கிறது, பக்கத்தில் உலு திராமில்தான் தங்கச்சி வீடு, எப்போது போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.