கெட்ட செய்தியை யாரிடம் தைரியமாகக் கொண்டுபோவீர்கள்?

பம்புசெட், கோவை:

நல்ல மேலதிகாரி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு வகுப்பு எடுத்துவிடுவீர்கள். அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வேலையில் ஏதோ கெட்டுப்போய்விட்டது. அதை மறைக்காமல் நேராகப் போய்ச் சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றிய ஆள் யார்? அப்படித் தோன்றும்படி அவர் தினமும் என்ன செய்தார்? விருது, ஆண்டுவிழாப் பேச்சு எல்லாம் வேண்டாம். ராக்கெட் தோற்றபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்த கதையும் வேண்டாம், அது எல்லோருக்கும் மனப்பாடம். கூடவே வேலை பார்த்தவரைப் பற்றி எழுதுங்கள். கம்பெனி பெயர் தேவையில்லை.

பேட்லாக், திருப்பூர்:

எங்கள் லைன் சூப்பர்வைசர் அண்ணனைத்தான் சொல்வேன். பனியன் கம்பெனி தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். ஒரே கலர் என்றாலும் சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியில் லாட்டுக்கு லாட் ஷேட் கொஞ்சம் மாறும். உடம்பு ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று பண்டலில் கலந்துவிட்டால் செக்கிங்கில் விளக்குக்கு அடியில் போகும்போது பல்லிளிக்கும். அதற்கு முன்பே அது யார் கண்ணில் படும் என்றால், ஓவர்லாக் தையல் மெஷினில் கை ஏற்றும் ஆள் கண்ணில். ஆனால் அவர் வாயைத் திறக்கமாட்டார். காரணம் பீஸ் ரேட், தைத்த பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி. லைன் நின்றால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை, சனிக்கிழமை சம்பளத்தில் குறையும். அதோடு 'யாரு தெச்சது?' என்று ஒரு சத்தம் வேறு கேட்க வேண்டும்.

இந்த அண்ணனிடம் யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது 'எந்த பண்டலுங்க?' என்பதுதான். 'யாரு' என்று கேட்கவே மாட்டார். பண்டல் நம்பரை வைத்துக் கட்டிங் டேபிளுக்குப் போய் அவரே தடம் பிடித்துவிடுவார். இன்னொன்றும் செய்தார். பண்டலைப் பிரித்துச் சரிபார்க்கும் வரை நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தைத் தன் நோட்டில் எழுதி, ஆபீஸில் பேசி, அதற்கு ஷிப்ட் கணக்கில் காசு போட வைத்தார். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். நல்ல வார்த்தை யார் வேண்டுமானாலும் பேசலாம். குறையைச் சொன்ன ஆளுக்குக் கூலி குறையாமல் பார்த்துக்கொண்டவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கைமடிக்கிற அக்கா ஒருத்தர், சூப்பர்வைசரைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்பவர், அவரே எழுந்துபோய் 'ஏனுங்க, இந்த ரிப்பு கலர் ஒத்துவரலீங்க' என்று காட்ட ஆரம்பித்துவிட்டார்.

நைட் சப்போர்ட், சென்னை:

எங்கள் மேனேஜர் 'என் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்' என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்வார். திறந்துதான் இருந்தது. யாரும் போகவில்லை. டெலிவரி தேதி தாங்காது என்று முதலில் போய்ச் சொன்ன பையனுக்கு அப்ரைசலில் 'நெகட்டிவ் ஆட்டிட்யூட்' என்று எழுதியிருந்தார். கேள்விக்கு நேர்மாறான பதில்தான். ஆனாலும் இங்கே இருக்கட்டும்.

பச்சை மை, விழுப்புரம்:

அரசு அலுவலகத்தில் இந்த விஷயம் முழுக்க எழுத்தில்தான் இருக்கிறது. மேலே இருப்பவர் போனில் 'அதை அனுப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்' என்பார். நாம் அனுப்பிவிடுவோம். அவர் மாறுதலில் போய்விடுவார். சில வருஷம் கழித்துத் தணிக்கையில் ஆட்சேபணை வரும். கோப்பைத் திறந்தால் நம் கையெழுத்து மட்டும் இருக்கும். 17 பி யாருக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. (வெளியாட்களுக்காக: தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கான பிரிவு அது. 17 ஏ சின்னது.)

எனக்கு வாய்த்த ஒரு மேடம், போனில் சொன்னதை அந்தக் கோப்பு மேசைக்கு வந்தவுடன் 'என் வாய்மொழி அறிவுரைப்படி அனுப்பப்பட்டது' என்று பச்சை மையில் தானே எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிடுவார். நாங்கள் கேட்டதில்லை. அந்த இடத்தில் கேட்கவும் முடியாது. இளகிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மணி தாண்டினால் வருகைப் பதிவேடு அவர் அறைக்குப் போய்விடும், வரைவில் ஒற்றுப்பிழை இருந்தால்கூடத் திரும்பி வரும், சிரித்துப் பார்த்ததே அபூர்வம். ஆனால் ஒரு கோப்பு காணாமல் போனபோது எங்கள் பிரிவு உதவியாளர் மறுநாளே போய் 'மேடம், கிடைக்கல' என்று சொன்னார். வேறு அதிகாரியாக இருந்திருந்தால் அந்தக் கோப்பு பீரோவுக்குப் பின்னால் 'விழுந்து', அவர் மாறிப்போன பிறகுதான் கிடைத்திருக்கும்.

தியேட்டர் சிஸ்டர், மதுரை:

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு பாதுகாப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மொத்தம் 19 அம்சம். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியைத் தியேட்டரிலிருந்து வெளியே அனுப்பும் முன் என்று மூன்று இடத்தில் நின்று, வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. பல இடங்களில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சிஸ்டர் உட்கார்ந்து வரிசையாக டிக் அடிப்பதோடு சரி.

நான் கூட வேலை பார்த்த ஒரு சர்ஜன் மட்டும் இதை விடமாட்டார். தன் பெயரை அவரே முதலில் சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வரும், அவர் பெயர் தெரியாதவர் அங்கே யார்? தியேட்டர் அசிஸ்டெண்ட் தம்பி வரை சொல்லி முடித்தால்தான் கத்தியைக் கேட்பார். ஒருமுறை வாய்திறந்த ஆளுக்கு, அப்புறம் ஏதாவது தப்பாகப் பட்டால் இரண்டாம் முறை திறப்பது அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றை மூடும் முன் மாப் (உள்ளே ரத்தம் ஒற்றும் துணி) கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒன்று குறைந்தது. சிலர் 'ஒழுங்கா எண்ணுங்க சிஸ்டர்' என்று எரிந்து விழுந்துகொண்டே தையலைத் தொடர்வார்கள். இவர் கையை நிறுத்திவிட்டார். நாங்கள் பக்கெட், விரிப்பு, தரை என்று தேட, அவர் உள்ளே தேடினார். கடைசியில் பக்கெட்டில் இரண்டு மாப் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கணக்குக் குறைகிறது என்று சொன்ன பெண் புதிதாகச் சேர்ந்தவள், முகம் வெளிறிப்போய் நின்றாள். 'கணக்கு சரியாயிடுச்சா? சரி, மூடலாம்' என்றார். அவ்வளவுதான். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. பாராட்டாததும் நல்லதுதான் என்பேன். பாராட்டினால் அது என்னவோ வீரச்செயல் மாதிரி ஆகிவிடும். கணக்குக் குறைந்தால் நிற்பது அங்கே வழக்கம், அவ்வளவுதான். அதற்கப்புறம் சந்தேகம் வந்த எந்தக் கணக்கையும் அந்தப் பெண் விழுங்கி நான் பார்க்கவில்லை.

ஸ்பேனர், தாம்பரம்:

சிஸ்டர் சொல்லும் பாடத்துக்கு விமானத்துறை கொடுத்த விலை பெரிது. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனியில் ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அடங்கிவிட்டார். கேப்டனோ அந்த நிறுவனத்தில் விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் மூத்தவர். அவரிடம் இன்னொரு முறை யார் கேட்பது? 1979இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கிலிருந்துதான், இளையவர் மறுத்துச் சொல்வதையும் மூத்தவர் அதைக் காதில் வாங்குவதையும் பாடமாகவே வைக்கும் பழக்கம் வளர்ந்தது.

எங்கள் ஹேங்கரில் வேலை முடிந்ததும் டூல் கணக்கு. ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானம் கிளம்பாது. வாரண்ட் ஆபீசர் முதலில் தன் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் எங்கள் பெட்டிகளைக் கேட்பார்.

தவான் கதை வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக்கடலில் விழுந்ததும் தவான் முன்னால் வந்து பேசியதையே எல்லோரும் சொல்கிறோம். அதற்குப் பிறகும் திட்ட இயக்குநர் நாற்காலியில் கலாம்தான் இருந்தார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனபோதும் அவர்தான். பத்திரிகையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிட, தோற்ற ஆள் கையிலேயே வேலையை விட்டுவைப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

பம்புசெட், கோவை:

சரி, தவானை ஏற்றுக்கொள்கிறேன். பேட்லாக், சும்மா இருந்த நேரத்துக்குக் காசு கொடுக்க உங்கள் முதலாளி எப்படி ஒத்துக்கொண்டார்? எங்கள் பவுண்டரியில் கேட்டால் சிரிப்பார்கள்.

பேட்லாக், திருப்பூர்:

முதலில் ஒத்துக்கவே இல்லைங்க. ஷேட் கலந்து தைத்த பீஸைப் பிரித்து மாற்ற ஆகும் கூலி, ரிஜெக்ட் ஆகும் பீஸ், கடைசி நேர ஓவர்டைம், எல்லாவற்றையும் ஒரு ஆர்டருக்குக் கணக்குப் போட்டு அண்ணன் காட்டினார். அதைப் பார்த்த பிறகு ஷேட்டுக்கும் ஊசி உடைவதற்கும் மட்டும் சரி என்றார்கள். ஏற்றுமதி பீஸில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள், தேடுவதிலேயே நேரம் போய்விடும். மெஷின் ரிப்பேருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.