முழுசா வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகுது, எங்கே தப்பு பண்றேன்?

மல்லிகைக்கொடி:
எல்லாருக்கும் வணக்கம். இது என்னோட முதல் ஈடு. பெட்டியில பொரிக்க 12 கோழிமுட்டை வச்சேன், 3 குஞ்சுதான் வெளியே வந்துச்சு. முட்டை கூமுட்டையா போயிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். வளர்ந்து, அலகு வந்து, நகம் வந்து, கடைசி நாள்ல உள்ளேயே செத்துக் கிடக்கிறதைப் பார்த்ததுலேருந்து அதுவே கண்ணுக்குள்ள நிக்குது.

பெட்டி நானே செஞ்சது. தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, தெர்மோஸ்டாட், காத்து சுத்த ஒரு சின்ன ஃபேன். வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ்ல வச்சிருந்தேன். ஈரப்பதம் முதல் நாள்லேருந்தே 65, 70 சதவீதம். ஓடு காய்ஞ்சுபோனா குஞ்சால உடைக்க முடியாதுன்னு எப்பவோ படிச்சது மனசுல ஒட்டிக்கிச்சு, அதனால ஒரு அகலத் தட்டு நிறையத் தண்ணி வச்சே ஓட்டினேன். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறின்னு பென்சிலால போட்டு, தினம் 5 தடவை திருப்பினேன்.

7ஆம் நாள் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். 2 முட்டை கூமுட்டை, ஒண்ணுல ரத்த வளையம், அதாவது கரு பாதியிலேயே செத்துப்போன அடையாளம். மூணையும் எடுத்துட்டேன். மிச்ச 9லயும் சிலந்தி வலை மாதிரி நரம்பு, நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி துள்ளிக்கிட்டு இருந்துச்சு. 18ஆம் நாளோட திருப்புறதை நிறுத்தினேன். 21ஆம் நாள் ஒண்ணுமே நடக்கலை. 22ஆம் நாள் ராத்திரி முதல் குஞ்சு, மறுநாள் இன்னும் ரெண்டு. இன்னொரு முட்டையில அலகு குத்தின ஓட்டை விழுந்து, உள்ளேருந்து கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துச்சு. என் பொண்ணு பெட்டிப் பக்கத்துலயே உட்கார்ந்து அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா. காலையில சத்தம் இல்லை.

24ஆம் நாள் மிச்சத்தை உடைச்சேன். ஓட்டை போட்டதைத் தவிர 5 முட்டை. நாலுல குஞ்சு முழுசா இருந்துச்சு, ஆனா மயிரெல்லாம் கொழகொழன்னு நனைஞ்சு, மஞ்சள்கரு பாதி வயித்துக்கு வெளியிலேயே நின்னுச்சு. ஒண்ணுல தலை கூர்முனைப் பக்கம் திரும்பியிருந்துச்சு. ஓட்டை விழுந்தப்பவே நான் ஓட்டை உரிச்சு விட்டிருக்கணுமா? அடுத்த ஈட்டுக்கு முட்டை சேர்த்து 4 நாள் ஆச்சு. காரணம் தெரியாம வைக்க மனசு வரலை.

சேவல்கொண்டை:
அக்கா, எனக்குத் தெரிஞ்சு இது ஈரம் பத்தாததுதான். 15ஆம் நாள்லேருந்து வெதுவெதுப்பான தண்ணியை முட்டை மேல தினம் தெளிச்சு விடுங்க. நான் வாத்து முட்டைக்கு அப்படித்தான் பண்றேன், நல்லா பொரியுது.

அடைக்கூடை:
தம்பி, வாத்து முட்டைக்கு அது சரி. இங்க தண்ணி தெளிச்சா இருக்கிற நோய் இன்னும் முத்தும். அந்தப் பொண்ணு எழுதினதை இன்னொரு தடவை படிச்சுப் பாரு: கொழகொழன்னு நனைஞ்ச குஞ்சு. ஈரம் பத்தாம செத்த குஞ்சு அப்படி இருக்காது, சவ்வு காய்ஞ்சு காகிதம் மாதிரி மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். இது ஈரம் அதிகமாகி மூச்சு முட்டினது.

தங்கச்சி, குஞ்சு செத்தது 21ஆம் நாளா இருக்கலாம், ஆனா அதுக்கான காரணம் முதல் 18 நாள்லயே உருவாகிடுச்சு. முட்டையின் அகன்ற முனையில ஒரு காத்தறை இருக்கு. ஓட்டுல இருக்கிற நுண்துளை வழியா தினம் கொஞ்சம் தண்ணி ஆவியாகிப் போகும், போன அளவுக்குக் காத்தறை பெருசாகும். குஞ்சு ஓட்டை உடைக்கிறதுக்கு முன்னாடி உள்சவ்வைக் கிழிச்சு, அந்த அறையில மூக்கை வச்சுத்தான் முதல் மூச்சு விடுது. நீங்க கேட்ட கீச்சு சத்தம் அந்த மூச்சுலேருந்து வர்றதுதான். பெட்டி முழுக்க ஈரமா இருந்தா தண்ணி எங்க போகும்? அறை சின்னதாவே நின்னுடும். குஞ்சுக்குத் திரும்ப இடமில்லை, மூக்கை நீட்டினா காத்துக்குப் பதிலா நீர்.

அது ஒண்ணு. இன்னொண்ணு, 21 நாள்ல வர வேண்டியது 22 முடிஞ்சு 23க்குப் போயிருக்கு. மஞ்சள்கரு உள்ளே இழுக்காம நின்னதும் அதோட சேர்ந்து வர்றதுதான். மீட்டர் 37.5 காட்டியிருக்கலாம், முட்டைக்கு அவ்வளவு வெப்பம் கிடைச்சிருக்காது. மூணு கேள்வி கேக்குறேன். சென்சார் முனை பெட்டியில எங்க இருக்கு? காத்துத் துளை எத்தனை, திறந்திருந்துச்சா? 18ஆம் நாள் டார்ச் அடிச்சப்போ காத்தறை எவ்வளவு பெருசு?

மல்லிகைக்கொடி:
அண்ணா, படிச்சதும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சென்சார் மூடியில ஒட்டியிருக்கு, பல்புக்கு ஒரு சாண் தூரத்துல. முட்டை அதுக்கு ரொம்பக் கீழே. துளை நாலு போட்டிருந்தேன், ராத்திரி குளிர் ஏறுதேன்னு மூணை டேப் போட்டு ஒட்டினேன். 18ஆம் நாள் எடுத்த படம் செல்போன்ல இருக்கு. காத்தறை உச்சியில ஒரு சின்ன நாணயம் வச்ச மாதிரிதான் தெரியுது.

அடைக்கூடை:
மூணுக்கும் விடை கிடைச்சாச்சு. 18ஆம் நாள் காத்தறை முட்டையில கால் பங்குக்கு மேலயே இருக்கணும். துளை எல்லாத்தையும் திறந்து விடுங்க. கடைசி நாள்ல குஞ்சுக்கு முன்னைவிடப் பல மடங்கு காத்து வேணும், டேப் போட்டு ஈரத்தைப் பிடிக்கக் கூடாது. சென்சாரை முட்டையோட மேல்மட்டத்துக்கு இறக்குங்க, முட்டை மேல படாம. உங்க பெட்டியில ஃபேன் ஓடுறதால 37.5 சரி. ஃபேன் இல்லாத பெட்டின்னா மேல சூடு கீழ குளிர்னு அடுக்கா நிக்கும், அதுக்கு முட்டை உச்சியில 38.5 கிட்ட வைக்கணும்.

அப்புறம் அந்த அகலத் தட்டு. ஈரத்தைத் தீர்மானிக்கிறது தண்ணியின் பரப்பு, ஆழம் இல்லை. முதல் 18 நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும், 45லேருந்து 50 சதவீதம். 18ஆம் நாள் சாயங்காலம் அகலத் தட்டை வச்சு 65, 70க்குக் கொண்டு போங்க. அடைக்கோழி என்ன பண்ணுதுன்னு பாருங்க. முட்டையை நனைக்கிறதில்லை. தினம் ஒரு தடவை எழுந்து கால் மணி நேரம் தீனி தின்னுட்டு வருது, அந்த நேரம் முட்டை ஆறுது. கரண்டு கொஞ்ச நேரம் போனா பயப்பட வேண்டாம், மூடியை மட்டும் திறக்காதீங்க.

வெள்ளைமுட்டை:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். மீட்டரை நம்புறதுக்கு முன்னாடி அதைச் சோதிச்சுப் பாருங்க. ஒரு மூடியில உப்பு வச்சு நாலு சொட்டுத் தண்ணி விட்டுச் சேறு மாதிரி ஆக்கி, ஈரப்பத மீட்டரோட ஒரு பையில காத்துப் புகாம மூடி ஒரு ராத்திரி வைங்க. 75 காட்டணும். 70 காட்டினா உங்க மீட்டர் 5 குறைச்சுச் சொல்லுது. வெப்பத்துக்கு, 38 டிகிரி தண்ணியில காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒண்ணா முக்கிப் பாருங்க.

அதைவிட நம்பிக்கையானது தராசு. ஒவ்வொரு முட்டையிலயும் எடையைப் பென்சிலால எழுதுங்க. 18ஆம் நாளுக்குள்ள 12, 13 சதவீதம் குறையணும். 7ஆம் நாள் 5 சதவீதத்துக்குப் பக்கத்துல இருக்கணும். 2 சதவீதம்தான் குறைஞ்சிருக்குன்னா கிண்ணத்தை வெளியே எடுத்துடுங்க, இன்னும் நாள் இருக்கு, சரி பண்ணிடலாம்.

மல்லிகைக்கொடி:
ரெண்டு பேருக்கும் நன்றி. உப்புச் சோதனையில என் மீட்டர் 67 காட்டுச்சு. 70ன்னு நான் நினைச்சது 78 கிட்ட இருந்திருக்கு! உரிச்சு விடுறதைப் பத்தி மட்டும் சொல்லுங்க அண்ணா. அந்தச் சத்தம் காதுல இருக்கு.

அடைக்கூடை:
முதல் ஓட்டை விழுந்தப்புறம் குஞ்சு பல மணி நேரம் சும்மா இருக்கும், சில குஞ்சு 24 மணி நேரம் வரைக்கும் கூட. சோர்ந்து போச்சுன்னு நினைப்போம். அந்த நேரத்துலதான் சவ்வுல ஓடுற ரத்தம் உடம்புக்குள்ள திரும்புது, மஞ்சள்கரு வயித்துக்குள்ள போகுது. அப்ப உரிச்சா ரத்தம் கொட்டும். அப்புறம்தான் ஓட்டைச் சுத்தி வட்டமா வெட்டிக்கிட்டே வரும். 24 மணி நேரம் தாண்டி அசைவே இல்லைன்னா, ஓட்டை இருக்கிற இடத்துல நகத்தளவு ஓடு மட்டும் எடுங்க. ஒரு சொட்டு ரத்தம் தெரிஞ்சாலும் நிறுத்திடுங்க. அன்னைக்கு நீங்க உரிச்சிருந்தாலும் அது பிழைச்சிருக்காது தங்கச்சி, அதை மனசுல வச்சுக்காதீங்க.

மல்லிகைக்கொடி:
இன்னைக்கு 22ஆம் நாள், வந்து சொல்லிடணும்னு தோணுச்சு. இந்தத் தடவையும் 12 வச்சேன், 7ஆம் நாள் 2 கூமுட்டை எடுத்தேன். மிச்ச 10 முட்டையோட எடை வைக்கும்போது மொத்தம் 510 கிராம், 7ஆம் நாள் 486, 18ஆம் நாள் 446. டார்ச் அடிச்சா காத்தறை ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, அதோட ஓரத்துல அலகு நிழல் அசையுது. நேத்து விடியக்காலம் முதல் ஓட்டை. ஓடு வெடிச்ச இடத்துல வெள்ளையா ஒரு புள்ளி, அலகு நுனியில இருக்கிற அந்த முட்டைப்பல், உள்ளேயும் வெளியேயும் போய் வந்துச்சு. மூடியைத் தொடவே இல்லை. ராத்திரிக்குள்ள 8 குஞ்சு. ஒரு முட்டையில 14 மணி நேரமா ஓட்டை இருக்கு, நான் உரிக்கலை, காத்துக்கிட்டு இருக்கேன். பத்தாவது முட்டை சத்தமே இல்லை. 58 கிராம் பெரிய முட்டை அது, 53.5க்குத்தான் இறங்குச்சு.

அடைக்கூடை:
மனசு நெறைஞ்சுது. அந்தப் பெரிய முட்டையை 23ஆம் நாள் வரைக்கும் விட்டு வைங்க. வந்த எட்டும் மயிர் காய்ஞ்சு பஞ்சாகட்டும், உள்ளே இழுத்த மஞ்சள்கரு ரெண்டு நாளைக்குத் தாங்கும், தீனிக்கு அவசரமில்லை. வெளியே எடுக்கும்போது ஒவ்வொண்ணோட அலகையும் ஒரு தடவை தண்ணியில தொட்டு விடுங்க. முதல் வாரம் 35 டிகிரி. பல்பை ஒரு மூலையில வைங்க, சூடு அதிகம்னா குஞ்சுகளே தள்ளிப் போய்ப் படுத்துக்கும்.

மல்லிகைக்கொடி:
ஒன்பதாவது வந்துடுச்சு அண்ணா. 19 மணி நேரம் ஆச்சு. பொண்ணு பதில் சொல்லிக்கிட்டே இருந்தா.