சுடுநீர்ப் பரவலுக்கு ஒரு சொல்: ‘வெப்பப்பீலி’

வணக்கம்.

அனல்மின் நிலையம் வெளிவிடும் சுடுநீர், ஆறு கடலோடு கலக்கும் பொங்குமுகத்தில் வால்போல் நீண்டு பரவுகிறதே (thermal plume), அதற்கு ‘வெப்ப மிதவை’ என்ற சொல் சரிவராது. அது எப்போதும் மிதப்பதில்லை. வற்றுப்பெருக்கு, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், குறைந்த களனி ஆற்று வாய் போன்ற இடத்தில் மேலே நன்னீர் ஓட, அடியில் உவர்நீர் ஆப்புப்போல் ஏறும். குளிர்விக்கும் நீரை அந்த அடியிலிருந்து உறிஞ்சி மேலே விட்டால், 8 பாகை சூடேறியும் நன்னீருக்குள் அமிழ்ந்துவிடும். சூட்டால் நீரின் எடை கனமீற்றருக்கு 2–3 கிலோ குறைகிறது. கடலளவு உப்பிருந்தால் 20 கிலோவுக்கு மேல் கூடுகிறது. உவர்ப்பைச் சேர்க்காத கணினி மாதிரியுரு சூட்டை மேற்பரப்பில் காட்டும். ஆற்றிலோ அது கீழே இருக்கும்.

என் பரிந்துரை ‘வெப்பப்பீலி’. நம் தேயிலைத் தோட்டங்களில் பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம். மூங்கிலைப் பிளந்து வைத்தாலும் பீலிதான். மயிற்பீலியோ தண்டாய்த் தொடங்கி நுனியில் விரிவது. இரண்டு பொருளும் இங்கே வேண்டும். குழாய் வாயருகே வேகத்தால் கலக்கும் பகுதி ‘பீலித்தண்டு’, அப்பால் நீரோட்டம் இழுத்துப் போவது ‘பீலிவிரிவு’. இரண்டுக்கும் கணிப்பு முறை வேறு என்பதால் இரண்டு சொல் கட்டாயம் தேவை.

— ஹட்டனிலிருந்து

பீலியை மனதார ஏற்கிறேன். வற்றுப்பெருக்கில் ஓட்டம் திரும்பும்போது நடப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 400 மெகாவாட் கழிவுவெப்பத்தை 8 பாகை உயர்வில் கொண்டுபோகச் செக்கனுக்குச் சுமார் 12 கனமீற்றர் நீர் வேண்டும். ஓட்டம் நிற்கும் வேளையில் அத்தனையும் வாயருகே குவிந்து, பெருக்கு ஏறியதும் மேலாற்றுப் பக்கம் தள்ளப்படுகிறது. உறிஞ்சுவாய் அங்கே இருந்தால் சுட்ட நீரே மறுபடி சுடும். கொழுந்து வாட்டும் மாடியில் ஜன்னல்களை அடைத்தால் விசிறி ஈரக்காற்றையே திரும்ப இழுக்கும், கொழுந்து வாடாது, அதே கோளாறுதான். ‘பீலிமடிவு’ என்று வைப்போம். ‘மீள்சுழற்சி’ கழிவுப்பொருளுக்கு நிலைத்துவிட்டது.

மடிவைப் பிடிக்க ஒரு நாள் கணிப்பு போதாது. பௌர்ணமிப் பெருக்கும் அரைநிலாப் பெருக்கும் அடங்க 15 நாளாவது ஓட்ட வேண்டும். மாதிரியுருவின் மேல் எல்லையில், ஆற்றுநீர் நுழையும் இடத்தில், மாதச் சராசரியைப் போடுவது பெரும்பிழை. மேலாற்றிலுள்ள காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீர் மின்தேவைக்கேற்ப விடப்படுவது. மணிக்கு மணி எடுத்த அளவே வேண்டும். ஆற்றுநீர் குறையக் குறைய மடிவு மேலே ஏறும்.

சொற்பதிவுக்கு இப்படி எழுதலாம்: பீலிமடிவு – வற்றுப்பெருக்குத் திரும்பும்போது வெப்பப்பீலி தன்மீதே மடிந்து, முன்பு சூடேறிய நீர் மீண்டும் வெப்பம் பெறுதல்.

— கண்டியிலிருந்து