பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் கற்றது: நம்ம திருநெல்வேலிப் பக்கத்து அனுபவங்கள்

ஆசிரியை, பாளையங்கோட்டை:

எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். மண் என்றால் தெருவில் கட்டட வேலைக்குக் கொட்டி வைத்த மணல்தான் அவர்களுக்குத் தெரியும். தோட்டம் போடலாம் என்றதும் தக்காளி, வெண்டை, கீரை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போட்டோம், நன்றாகவே வந்தன. ஆனால் பிள்ளைகளை மணி அடித்தும் எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்தது பனங்கிழங்குப் பாத்திதான்.

அந்த யோசனை சத்துணவு சமைக்கும் அக்காவுடையது. திசையன்விளைப் பக்கத்துக்காரர். ஆவணி கடைசியில் ஒரு சாக்குப் பனங்கொட்டை கொண்டுவந்து இறக்கினார். "பள்ளம் தோண்டாதீங்க டீச்சர், மேட்டுப் பாத்திதான் போடணும். கிழங்கு கீழ இறங்கும்லா" என்றார். மணலும் செம்மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்குப் பாத்தி எடுத்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண் போட்டு மூடினோம்.

விதை முளைப்பதை அதற்கு முன் ஈரப் பஞ்சில் அவரைக் கொட்டை வைத்துக் காட்டியிருந்தேன். வேர் கீழே, தண்டு மேலே. அதைப் பார்த்த பிள்ளைகள், பாத்தியில் ஒரு பச்சைகூடத் தெரியவில்லையே, எல்லாம் செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐப்பசி மழை வெறித்த ஒரு நாள் ஓரத்தில் கிளறிப் பார்த்தோம். கொட்டையிலிருந்து வெள்ளையாக, விரல் தண்டிக்கு ஒரு குழாய் நேரே கீழே போயிருந்தது. "டீச்சர், இது தலைகீழா முளைக்கு!" என்று ஒருத்தன் கத்தினான். அன்றைக்கு மற்ற பாடம் எதுவும் நடக்கவில்லை. பனையின் கரு அந்தக் குழாயின் நுனியோடு மண்ணுக்குள் இறங்கிவிடும். அங்கே வேர் பிடித்து, கிழங்கு கட்டிய பிறகுதான் ஓலை மேலே எட்டிப் பார்க்கும். மேல்மண்ணில் வெயிலும் தீயும் ஆடுமாடும் இருக்க, ஆழத்தில் ஈரம் இருக்கிறது. தேரி என்னும் செம்மணல் மேட்டில் பனை எப்படி நிற்கிறது என்று நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அக்கா ஒரு கொட்டையை அரிவாளால் பிளந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருந்த தவுனை எடுத்துக் கொடுத்தார். தின்றுகொண்டே அதன் வேலையைப் பேசினோம். கொட்டைக்குள் கல்லாக இறுகிக் கிடக்கும் பருப்பைக் கரைத்து உறிஞ்சி, கீழே கிழங்குக்கு அனுப்புவது அதுதான். பதித்தது எத்தனை, முளைத்தது எத்தனை என்று எண்ணி, சதவீதக் கணக்கும் பாத்தி ஓரத்திலேயே முடிந்தது. பொங்கல் லீவுக்கு முன்னால் பிடுங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தோம். கிழங்கை இரண்டாகப் பிளந்த ஒரு பிள்ளை நடுவில் இருந்த குருத்தை உருவிக் காட்டி, "இதுதானே டீச்சர் மேல வரப்போற ஓலை?" என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படி ஒரு படம் கிடையாது. அவளாகவே கண்டுபிடித்தது.

ஒரு தாய், பெருமாள்புரம்:

மகள் முதலில் படித்த பள்ளியிலும் தோட்டம் உண்டு. குரோட்டன்ஸ், புல்தரை, 'செடிகளைத் தொடாதே' என்று ஒரு பலகை. அதைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது படிக்கும் பள்ளியில் இருப்பது நாலு கறிவேப்பிலைச் செடியும் ஒரு எலுமிச்சையும்தான். ஒருநாள் இலையில் காக்கா எச்சம் மாதிரி ஒட்டியிருந்ததை இவள் குச்சியால் தொட, தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டியதாம், கூடவே ஒரு நாற்றமாம். வண்ணத்துப்பூச்சிப் புழு! வளர வளரப் பச்சையாகி, இலையோடு இலையாகிவிட்டது. மருந்து அடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது அவள் டீச்சர், ஒரு செடியைப் புழுவுக்கே விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த டீச்சருக்கு நான் எப்படி நன்றி சொல்ல! கூடு உடைந்து, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பூச்சி வெளியே வந்த அன்று சாயங்காலம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மேலப்பாளையம்:

பாளையங்கோட்டை டீச்சர் சொன்ன மாத வரிசையைக் கவனியுங்கள், முக்கியம். ஜூனில் பள்ளி திறந்த வேகத்தில் நாற்று நட்டால், சாரல் மலையோரத்தோடு நின்றுவிடும், நமக்கு வருவது வறண்ட காற்றுதான். பிஞ்சு நாற்று தாங்காது. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். அதற்குச் சற்று முன்னால் வைத்தால் தை மாதம் பலன் பார்க்கலாம். மே லீவைத் தாண்ட முருங்கையும் கறிவேப்பிலையும் போதும். தட்டுக் கழுவும் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டோம், அதிலேயே பிழைத்துக்கொள்கின்றன.

நாங்கள் வைத்தது சிறுகிழங்கு. பொங்கலுக்கு வீட்டில் வாங்கும் கிழங்கு கொடியில் காய்ப்பதாகவே பல பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தோண்டி எடுத்ததைச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்துத் தோல் நீக்கவும் அவர்களையே விட்டோம். மேலெல்லாம் மண், ஒரே கூத்து. கொடித் துண்டு வேண்டிய பள்ளிகள் ஆவணிக்குள் சொல்லுங்கள், வெட்டி வைக்கிறேன்.