அந்த ‘வி’ எதைப் பொறுத்தது?

காட்பாடி வாத்தியார்:
சத்துவாச்சாரி பக்கம் ஒரு டியூஷனில் அக்கா பையன் எழுதி வந்த நோட்டைப் பார்த்தேன். காந்தப்புலத்தில் ஓடும் மின்துகளைத் தள்ளும் லாரன்ஸ் விசையில் ‘க்யூ வி பி’ (மின்னூட்டம், வேகம், காந்தப்புலம்) வருகிறதே, அந்த ‘வி’ காந்தத்தைப் பொறுத்த வேகமாம். சிவப்பு மையில் கட்டம் வேறு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதையா சொல்லிக் கொடுப்பது? நாம் எந்தக் குறிப்பாயத்தில், அதாவது எதை நிலையாக வைத்துக்கொண்டு, அளக்கிறோமோ, அதில் மின்துகளுக்கு உள்ள வேகம் அது. காந்தம் ஓடினால் என்ன, தூங்கினால் என்ன?

குடியாத்தத்தான்:
அப்படியா சார்? காந்தத்தை நிறுத்திச் சுருளை ஆட்டினாலும் மின்னோட்டம் காட்டும் கால்வனாமீட்டர் முள் துடிக்கிறது, சுருளை நிறுத்திக் காந்தத்தை ஆட்டினாலும் துடிக்கிறது. 1831-லேயே ஃபாரடே காட்டியாச்சு. சார்பு வேகம்தான், ஒன்றைப் பொறுத்து இன்னொன்றின் வேகம். முடிந்தது கதை.

காட்பாடி வாத்தியார்:
கதையே அங்கேதான் ஆரம்பம். ஐன்ஸ்டீன் 1905 சார்பியல் கட்டுரையை இந்தக் காந்தம், கடத்தி விவகாரத்தில்தான் தொடங்குகிறார். சுருள் நின்றால் ‘வி’ பூஜ்யம், க்யூ வி பி-யும் பூஜ்யம். அப்போது எலக்ட்ரானைத் தள்ளுவது, மாறுகிற காந்தப்புலம் உண்டாக்கும் மின்புலம்.

குடியாத்தத்தான்:
முள் ஒரே மாதிரிதானே துடிக்கிறது? அப்போ சார்பு வேகம்தானே?

ஆரணிப் பட்டு:
காட்பாடி ஸ்டேஷனில் பக்கத்து ரயில் கிளம்பினால் நம்ம ரயில் ஓடுகிற மாதிரி இருக்குமே, அதைச் சொல்லிப் புரிய வைக்கலாமே?

காட்பாடி வாத்தியார்:
ரயில் வேண்டாம் தம்பி, அதில்தான் எல்லாரும் கவிழ்கிறார்கள். வட்டக் காந்தத்தின் மேல் ஒரு செம்புத் தட்டு வையுங்கள். தட்டின் நடுவில் ஒரு கம்பி, விளிம்பில் ஒரு கம்பி உரசட்டும். தட்டைச் சுற்றினால் மின்னழுத்தம் வரும். காந்தத்தை மட்டும் அதன் அச்சில் சுற்றினால் ஒன்றும் வராது. இரண்டையும் ஒட்டிச் சேர்த்துச் சுற்றினால்? வருகிறது! கொஞ்சூண்டுதான், ஆனால் வருகிறது. தட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் சார்பு வேகம் எங்கே?

குடியாத்தத்தான்:
நேர்கோட்டில் பேசச் சொன்னால் சுற்ற விடுவீங்களே. போன மாசம் மையவிலக்கு விசையிலும் இதே வேலைதான்.

கோட்டை அகழி:
அந்த ‘வி’யை விடுங்கப்பா. விசையின் திசைக்கு வலக்கை விதியா இடக்கை விதியா என்றே பையன்களுக்குத் தெரியவில்லை.

காட்பாடி வாத்தியார்:
விட மாட்டேன். மையவிலக்கு விசையில் பாதியில் ஓடியது யாராம்?

ஆரணிப் பட்டு:
ஓடியது எந்தக் குறிப்பாயத்தில் சார்?

குடியாத்தத்தான்:
அன்றைக்குக் கரண்ட் போச்சு. இன்னொன்று, அதே டியூஷனில்தான் நானும் படித்தேன். அந்தச் சிவப்புக் கட்டத்தை எழுதித்தான் இயற்பியலில் 200-க்கு 188.

காட்பாடி வாத்தியார்:
அதானே பார்த்தேன்! மார்க் வந்தது சரி. தட்டுக்குப் பதில்?

குடியாத்தத்தான்:
லாங் பஜாரில் தட்டு வாங்கி வாங்க, நேரில் பேசலாம். அப்பவும் சார்பு வேகம்தான்.