குளிர்முறைச் சோப்பின் மேல் வெண்பொடியும் நடுவில் கருவட்டமும் ஏன்?

கேள்வி

வணக்கம். அடுப்பில் காய்ச்சாமல் செய்யும் குளிர்முறையில் சோப்பு செய்தேன். 600 கிராம் தேங்காய் எண்ணெய், 300 கிராம் ஆலிவ் எண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய் ஆகியவற்றுடன், 380 கிராம் தண்ணீரில் கரைத்த 155 கிராம் காஸ்டிக் சோடாவைக் கலந்து, மர அச்சில் ஊற்றித் திறந்தபடியே வைத்தேன். மறுநாள் மேற்பரப்பு முழுவதும் திருநீறு பூசியதுபோல் வெண்பொடி படர்ந்திருந்தது. வெட்டியபோது ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் கருத்த வட்டம் தெரிந்தது. தங்கையின் வளைகாப்புக்கு வருவோருக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கச் செய்தவை இவை. தோலுக்குத் தீங்கு நேருமா? அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

பதில் 1

சகோதரி, உங்கள் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 5 விழுக்காடு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படியே காஸ்டிக் சோடா எடுத்திருக்கிறீர்கள். எடை பிசகாமல் இருந்தால் தோலை அரிக்கும் காரம் (காஸ்டிக் சோடா) மிஞ்சாது, அச்சம் வேண்டாம். வெட்டிய முகத்தில் வெள்ளைக் கட்டிகள் இருந்தாலோ, நீர் கசிந்தாலோ மட்டும் அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

மேலே படிந்திருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவைச் சோடா. இன்னும் சோப்பாகாத காரம் மேற்பரப்பில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு வினைபுரிவதால் அது உண்டாகிறது. தண்ணீர் மிகுந்தால் கலவை மெதுவாக இறுகுவதால், அந்த வினைக்கு நேரமும் கூடுகிறது. அடுத்த முறை தண்ணீரை 310 கிராமாகக் குறைத்து, கலவை தோசை மாவுப் பதத்துக்கு வந்தபின் ஊற்றி, அச்சை உடனே மூடிவிடுங்கள். இப்போது இருப்பதைப் போக்க, கையுறை அணிந்து, கொதிக்கும் இட்லிப் பானையின் ஆவியில் மேற்பரப்பைச் சில நொடிகள் காட்டித் துடைத்தால் போதும்.

பதில் 2

நடுவட்டத்துக்குக் காரணம் வேறு. சோப்பாகும்போது எழும் வெப்பம் நடுவில் தேங்கி, அப்பகுதி மட்டும் கண்ணாடிபோல் தெளியும் ஜெல் நிலையை அடைந்திருக்கிறது. ஓரங்கள் அதற்குள் ஆறிவிட்டன. குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஜெல் நிலையையே தவிர்க்கலாம் என்பார்கள். ஆனால் அப்படிச் செய்தால் வெண்பொடி கூடுதலாகப் படிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே அச்சைக் கனத்த துண்டால் போர்த்தி, முழுவதும் ஜெல் ஆக விடுவதையே பரிந்துரைப்பேன். தேங்காய் எண்ணெய் இவ்வளவு இருக்கும் கலவை எளிதில் சூடேறும் என்பதால், முதல் சில மணி நேரம் அடிக்கடி திறந்து பாருங்கள். நடுப்பகுதி உப்பி வெடிக்கத் தொடங்கினால் துண்டை எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சூரியகாந்தி எண்ணெய் அதிகமாகச் சேர்த்து முன்பு செய்த கட்டிகளில் இப்போது ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றியுள்ளன. அதுவும் இதே வகையா?

பதில் 2

இல்லை. அது எண்ணெய் சிக்கடித்ததன் அடையாளம். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் மிகுதி. அது காற்றுப்பட்டு விரைவில் கெடும், குழாய் நீரிலுள்ள இரும்பும் செம்பும் அதை இன்னும் விரைவுபடுத்தும். இனி அந்த எண்ணெயைக் குறைத்து, காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். புள்ளி விழுந்த கட்டிகளைத் தாம்பூலப் பையில் வைக்க வேண்டாம். நாளாக நாளாக அவற்றில் சிக்கு வாடை ஏறும்.