பண்டவியல் எவ்வாறு பல்கலைக்கழகப் பாடமானது?

கேள்வி:
நான் வணிகவியல் மாணவி. ஜெர்மானியர் ‘வாரன்குண்டே’ என்றும் இத்தாலியர் ‘மெர்சியோலொஜியா’ என்றும் அழைக்கும் பண்டவியல், அதாவது விற்பனைச் சரக்குகளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றை ஆராயும் துறை, வணிகர்களின் கைப்பழக்கமாக இருந்த நிலையிலிருந்து தனிப் பாடமாக வளர்ந்தது எவ்வாறு?

மறுமொழி 1:
கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோகான் பெக்மான் 1793இல் வெளியிடத் தொடங்கிய பண்டவியல் நூலில், அயல்நாட்டுச் சரக்குகள் எங்கிருந்து வருகின்றன, எவ்வாறு பக்குவமாகின்றன என்பவற்றை ஒழுங்குபட எழுதினார். தொழில்நுட்பவியலுக்கு 1777இலேயே பாடநூல் எழுதியவரும் அவரே.

மறுமொழி 2:
பெக்மானோடு நிறுத்திவிடலாகாது. என் பார்வையில் பெருந்திருப்பம் நுண்ணோக்கியால் வந்தது. வியன்னாவின் யூலியுஸ் வீஸ்னர் 1873இல் தாவர மூலப்பொருள்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உருளைக்கிழங்கு மாவை நுண்ணோக்கியில் வைத்தால், சிப்பியின் மேற்பரப்பைப் போல வளையம் வளையமாகப் பெரிய மணிகள் தெரியும். அரிசி மாவின் மணிகளோ மிகச் சிறியவை, கோணமுள்ளவை. நாக்கும் விரலும் மட்டுமே தீர்ப்புச் சொல்லிவந்த இடத்தில், எவரும் மீண்டும் சரிபார்க்கக்கூடிய சான்று அப்போதுதான் கிடைத்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஐரோப்பாவுக்கு வெளியே இத்துறை பரவியதா?

மறுமொழி 2:
பரவியது, அம்மா. ஜப்பானில் இதற்கெனத் தனிக் கழகமே உண்டு. பன்னாட்டுச் சங்கம் வியன்னாவிலிருந்து இயங்குகிறது.